கழிவுநீர்க் குளோரினேற்றமும் தீங்கான துணை விளைபொருள்களும்: ஓசூர் – கிருஷ்ணகிரி தொழிற்பகுதியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

உயிரியல் முறையில் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரை ஆற்றிலோ ஏரியிலோ விடுவதற்கு முன்பும், மறுபயன்பாட்டிற்கு அனுப்புவதற்கு முன்பும் அதிலுள்ள நோய்க்கிருமிகளை அழிக்கக் குளோரின் சேர்க்கப்படுகிறது. அந்நீரில் எஞ்சியிருக்கும் கரிமப் பொருள்களுடனும் அம்மோனியாவுடனும் குளோரின் வினைபுரியும்போது ட்ரைஹாலோமீத்தேன்கள், ஹாலோஅசெட்டிக் அமிலங்கள், நைட்ரோசமின்கள் முதலிய துணை விளைபொருள்கள் உண்டாகின்றன. இவற்றுள் எது, எவ்வளவு உண்டாகும் என்பதைக் குளோரினின் அளவைக் காட்டிலும், குளோரின் தொட்டிக்கு முந்தைய உயிரியல் கட்டம் எந்த அளவிற்கு நிறைவுற்றது என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர் – கிருஷ்ணகிரி தொழிற்பகுதியையும் தென்பெண்ணை ஆற்றையும் களமாகக் கொண்டு இவ்வேதியியலையும், நடைமுறையில் உள்ள தர வரம்புகளின் இடைவெளியையும், செய்யத்தக்க திருத்தங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, குளோரினேற்றம், துணை விளைபொருள்கள், குளோரமின், நைட்ரேட்டாக்கம், தென்பெண்ணை, ஓசூர், கிருஷ்ணகிரி.

முன்னுரை

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை ஆறு, பெங்களூரு நகரின் கிழக்குப் புறத்தைக் கடந்து, ஓசூருக்கு வடக்கே கொடியாளம் அருகில் தமிழ்நாட்டிற்குள் நுழைகிறது. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையிலும், பின்னர் கிருஷ்ணகிரி அணையிலும் தேங்கி, திருவண்ணாமலை மாவட்டத்தின் சாத்தனூர் அணை வழியாகக் கடலூர் அருகே வங்கக்கடலை அடைகிறது. பெங்களூருவின் பெல்லந்தூர் ஏரி நிரம்பி வர்த்தூர் ஏரிக்கும், அங்கிருந்து இவ்வாற்றிற்கும் நீர் வருகிறது. பெல்லந்தூர் ஏரி 2017 பிப்ரவரியில் தீப்பற்றியதும், கெலவரப்பள்ளி அணையின் மதகுகள் திறக்கப்படும் காலங்களில் வெண்ணுரை மலைபோல் குவிவதும் நாடறிந்த செய்திகள்.

நுரை கண்ணுக்குத் தெரியும் மாசு. சோப்புத் தூள்களில் உள்ள பரப்பு இழுவிசைக் குறைப்பிகளும் சுத்திகரிக்கப்படாத கழிவுநீரும் அதற்கு முதன்மைக் காரணங்கள். கழிவுநீர் முழுவதும் சுத்திகரிப்பு நிலையங்கள் வழியாகச் சென்றால் சிக்கல் தீரும் என்னும் கருத்து பெருமளவு சரியானதே. ஆயினும் சுத்திகரிப்பின் கடைசிப் படியான கிருமிநீக்கம், கண்ணுக்குத் தெரியாத வேறொரு வகை மாசை உண்டாக்கக்கூடும். அது நுரைப்பதில்லை, நாற்றமும் பெரும்பாலும் இல்லை, வழக்கமான ஆய்வுகளில் அகப்படுவதுமில்லை.

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டைகளும் வாகன உற்பத்தி, இயந்திரப் பொறியியல், கைக்கடிகாரம், மின்னணுவியல் சார்ந்த ஆலைகளும் பெருகியுள்ளன. அவற்றுடன் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் தொழிலாளர் விடுதிகளும் வளர்கின்றன. இவை ஒவ்வொன்றிலும் சிறியதும் பெரியதுமான கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. எல்லைக்கு அப்பால் பெங்களூருவிலும் இதே நிலைதான். இந்நிலையங்களிலிருந்து வெளியேறும் நீர் தோட்டத்திற்கும் கழிப்பறைத் தொட்டிக்கும் குளிர்விப்புக் கோபுரத்திற்கும் செல்கிறது. எஞ்சியது ஓடை வழியாக ஆற்றை அடைகிறது. ஆகவே கடைசிப் படியில் நிகழும் வேதியியல் இப்பகுதி உழவர்க்கும் ஆலைகளுக்கும் ஆற்றின் கீழ்ப்பகுதி மக்களுக்கும் பொதுவான அக்கறைக்குரியதாகிறது.

துணை விளைபொருள்கள் கண்டறியப்பட்ட வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து குளோரினேற்றம் காலரா, டைபாய்டு போன்ற நீர்வழி நோய்களைக் கட்டுப்படுத்திய பெருங்கருவியாக விளங்கி வருகிறது. அதன் மறுபக்கம் 1974-இல் வெளிப்பட்டது. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் குடிநீர் நிறுவனத்தில் பணியாற்றிய யோஹன்னஸ் ரூக், குளோரின் சேர்த்த ஆற்றுநீரில் குளோரோஃபார்மும் அதையொத்த புரோமின் சேர்மங்களும் உண்டாவதை நிறுவினார். அதே ஆண்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையைச் சேர்ந்த பெல்லர் குழுவினரும் இதே முடிவிற்கு வந்தனர். 1979-இல் அம்முகமை குடிநீரில் மொத்த ட்ரைஹாலோமீத்தேன்களுக்கு லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்னும் வரம்பை விதித்தது. 1998-இல் அதை 80 ஆகக் குறைத்து, ஐந்து ஹாலோஅசெட்டிக் அமிலங்களின் கூட்டுத்தொகைக்கு 60 மைக்ரோகிராம் என்னும் வரம்பையும் சேர்த்தது.

கழிவுநீர் தொடர்பான ஆய்வும் அக்காலத்திலேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஜாலி, குளோரினேற்றப்பட்ட கழிவுநீரில் குளோரின் ஏறிய கரிமச் சேர்மங்கள் பல உண்டாவதை 1975-இல் வெளியிட்டார். ஆயினும் கட்டுப்பாடு குடிநீரை நோக்கியே வளர்ந்தது. கழிவுநீர் குடிப்பதற்கன்று என்னும் எண்ணமே இதற்குக் காரணம். மறுபயன்பாடு பெருகி, ஒரு நகரத்தின் கழிவுநீர் அடுத்த ஊரின் நீராதாரமாகும் இன்றைய சூழலில் அவ்வெண்ணம் பொருந்தவில்லை.

உயிரியல் சுத்திகரிப்பு விட்டுச்செல்பவை

செயலூட்டப்பட்ட கசடு முறையிலும் அதன் வேறு வடிவங்களிலும் நுண்ணுயிரிகள் காற்றின் துணையால் கரிமக் கழிவை உண்டு வளர்கின்றன. எளிதில் சிதையக்கூடியவற்றை அவை பெரும்பாலும் தீர்த்துவிடுகின்றன. வெளியேறும் தெளிந்த நீரில் மூவகைப் பொருள்கள் எஞ்சுகின்றன.

முதலாவது, சிதையாத கரிமப் பொருள்கள். குடிநீர் வழி வந்த இயற்கை மட்கமிலங்கள், மருந்து எச்சங்கள், சோப்பு எச்சங்கள் ஆகியவற்றுடன் நுண்ணுயிரிகளே வெளியிடும் புரதங்களும் பல்சர்க்கரைகளும் இதில் அடங்கும். ஆற்றுநீரின் கரிமப் பொருளோடு ஒப்பிட்டால் இதில் நைட்ரஜன் மிகுதி. அதனால் இங்கு உண்டாகும் துணை விளைபொருள்களிலும் நைட்ரஜன் ஏறியவை மிகுதியாகின்றன. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பிளேவா குழுவினர் பாலூட்டி உயிரணுக்களில் நடத்திய ஒப்பீட்டு ஆய்வுகள், நைட்ரஜன் கொண்ட துணை விளைபொருள்கள் பொதுவாகக் கூடுதல் நச்சுத்தன்மை கொண்டவை என்றும், குளோரின் ஏறியவற்றைவிடப் புரோமின், அயோடின் ஏறியவை கூடுதல் நச்சானவை என்றும் காட்டின.

இரண்டாவது, அம்மோனியா. சிறுநீரிலுள்ள யூரியா சிதைந்து அம்மோனியாவாகிறது. அதனை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றுவது நைட்ரேட்டாக்கம். இப்பணியைச் செய்யும் நுண்ணுயிரிகள் மெதுவாக வளர்பவை. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற ஏறக்குறைய 4.6 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். கால்சியம் கார்பனேட்டுக் கணக்கில் 7.1 மில்லிகிராம் காரத்தன்மையும் செலவாகும். மின்செலவைக் குறைக்கக் காற்றூதிகளை நிறுத்தினாலும், கசடை மிகுதியாக வெளியேற்றினாலும் முதலில் நிற்பது இப்பணியே. கரிமக் கழிவு நீங்கி நீர் தெளிவாக இருப்பதால் இக்குறை கண்ணுக்குப் புலப்படாது.

மூன்றாவது, நைட்ரைட்டும் புரோமைடும். நைட்ரேட்டாக்கம் பாதியில் நின்றால் நைட்ரைட் தேங்குகிறது. புரோமைடு நிலத்தடி நீரிலிருந்தும், நீர் மென்மையாக்கிகளுக்கு இடப்படும் உப்பிலிருந்தும், எதிர்ச் சவ்வூடுபரவல் அலகுகளின் கழிவு உவர்நீரிலிருந்தும் வரலாம்.

குளோரின் தொட்டியில் நிகழ்பவை

குளோரின் வாயு, சோடியம் ஹைப்போகுளோரைட், பிளீச்சிங் பவுடர் ஆகிய எவ்வடிவில் சேர்த்தாலும் நீரில் செயற்படுவது ஹைப்போகுளோரஸ் அமிலமும் அதன் அயனியுமே. இது தனிக் குளோரின் எனப்படும். அம்மோனியா இருந்தால் தனிக் குளோரின் நொடிகளில் அதனுடன் சேர்ந்து குளோரமினாகிறது. இது சேர்ந்த குளோரின். குளோரின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் குளோரமின்கள் சிதைந்து அம்மோனியா நைட்ரஜன் வாயுவாக வெளியேறும். அதன் பின்னரே தனிக் குளோரின் நிலைக்கும். அந்தக் கட்டம் முறிவுப்புள்ளி. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு 7.6 மில்லிகிராம் குளோரின் என்பது கோட்பாட்டு அளவு. நடைமுறையில் 10 வரை தேவைப்படுவதுண்டு.

இந்தக் கணக்கைப் பொருத்திப் பார்த்தால், லிட்டருக்கு 8 மில்லிகிராம் என்னும் ஒரே குளோரின் அளவு மூன்று நிலையங்களில் மூன்று வெவ்வேறு வேதியியலை நடத்துவது விளங்கும்.

முதல் நிலையத்தில் நைட்ரேட்டாக்கம் நிறைவுற்று அம்மோனியா 0.3 மில்லிகிராம் மட்டுமே எஞ்சியுள்ளது. அதைத் தீர்க்க ஏறக்குறைய 2.3 மில்லிகிராம் குளோரின் போதும். மீதி தனிக் குளோரினாக நின்று கிருமிகளை விரைவாக அழிக்கிறது. கரிமப் பொருளையும் தாக்குகிறது. இங்கு ட்ரைஹாலோமீத்தேன்களும் ஹாலோஅசெட்டிக் அமிலங்களும் உண்டாகின்றன. நீரின் கார அமிலக் குறியீடு உயர்ந்தால் முன்னவையும், தாழ்ந்தால் ட்ரைகுளோரோ அசெட்டிக் அமிலம் போன்ற பின்னவையும் மிகும். வெப்பமும் தொடர்பு நேரமும் கூடக்கூட இரண்டும் மிகும். புரோமைடு இருந்தால் குளோரின் அதனை ஹைப்போபுரோமஸ் அமிலமாக்கும். அது கரிமப் பொருளுடன் இன்னும் விரைவாக வினைபுரியும்.

இரண்டாம் நிலையத்தில் நைட்ரேட்டாக்கமே நடைபெறவில்லை. அம்மோனியா 20 மில்லிகிராம். முறிவுப்புள்ளியை எட்ட 152 மில்லிகிராம் குளோரின் வேண்டும். நாளொன்றுக்கு 10 லட்சம் லிட்டர் நீரைக் கையாளும் நிலையத்தில் அது 152 கிலோ குளோரின். 10 விழுக்காட்டுச் சோடியம் ஹைப்போகுளோரைட்டாகக் கொண்டால் ஏறக்குறைய ஒன்றரை டன். இது நடைமுறைக்கு ஒவ்வாது. எனவே சேர்க்கப்படும் 8 மில்லிகிராம் குளோரின் முழுவதும் மோனோகுளோரமின் ஆகிறது. ட்ரைஹாலோமீத்தேன்கள் குறைவு. ஆனால் மோனோகுளோரமின் வலுக்குறைந்த கிருமிநீக்கி. வைரசுகளையும் ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளின் கூடுகளையும் அழிக்க அதற்கு நீண்ட நேரம் வேண்டும். மேலும், குளோரமின்கள் டைமெத்தில் அமீன் தொகுதி கொண்ட பொருள்களுடன் மெதுவாக வினைபுரிந்து நைட்ரோசோ டைமெத்தில் அமீனை உண்டாக்குகின்றன.

மூன்றாம் நிலையத்தில் நைட்ரேட்டாக்கம் அரைகுறை. நைட்ரைட் நைட்ரஜன் 2 மில்லிகிராம் தேங்கியுள்ளது. தனிக் குளோரின் நைட்ரைட்டால் உடனே விழுங்கப்படும். ஒரு மில்லிகிராமுக்கு ஏறக்குறைய 5 மில்லிகிராம். அம்மோனியா ஏறத்தாழத் தீர்ந்திருந்தால், சேர்த்த குளோரின் முழுவதும் இதற்கே போய்விடும். எச்சக் குளோரின் பூச்சியமாகவும் கோலிஃபார்ம் எண்ணிக்கை உயர்வாகவும் இருக்கும். இயக்குபவர் குளோரினைக் கூட்டுகிறார். சில மணி நேரத்தில் நைட்ரைட் குறையும்போது கூட்டிய அளவு தேவைக்கு மிஞ்சுகிறது. அம்மோனியா 1 மில்லிகிராம் அளவில் ஏறி இறங்கினால் குளோரின் அளவு முறிவுப்புள்ளியின் இருபுறமும் ஊசலாடுகிறது. நைட்ரோசோ டைமெத்தில் அமீன் உருவாவதில் முதன்மைப் பங்காற்றும் டைகுளோரமின் நிலைபெறும் மண்டலம் இதுவே. கிருமிநீக்கமும் துணை விளைபொருள் கட்டுப்பாடும் ஒருங்கே தவறும் நிலை இந்த அரைகுறை நிலை.

தொழிற்சாலைக் கழிவுநீரின் தனித்தன்மை

மூன்றாம் நிலைக்கு ஆலை வளாகங்களின் சுத்திகரிப்பு நிலையங்கள் எளிதில் உள்ளாகின்றன. வீட்டுக் கழிவுநீரில் குளியல், துணி துவைத்தல் ஆகியவற்றின் நீர் கலந்து அம்மோனியாவை நீர்க்கச் செய்கிறது. ஆலைகளில் கழிப்பறை, உணவுக்கூடம் ஆகியவற்றின் நீர் மட்டுமே வருவதால் அம்மோனியாவின் செறிவு வீட்டுக் கழிவுநீரைவிட உயர்வாக இருக்கும். லிட்டருக்கு 60 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை முழுவதும் மாற்ற 430 மில்லிகிராம் அளவிற்குக் காரத்தன்மை செலவாகும். வளாகத்தின் வழங்குநீர் எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் உப்பு நீக்கப்பட்டதாயின் அந்தக் காரத்தன்மை நீரில் இருக்காது. நைட்ரேட்டாக்கம் தொடங்கி, காரத்தன்மை தீர்ந்ததும் பாதியில் நின்றுவிடும்.

வரத்தும் சீரானதன்று. ஷிப்டு மாறும் வேளையிலும் உணவு இடைவேளையிலும் குவியும் கழிவுநீர், இடைப்பட்ட நேரத்தில் வற்றுகிறது. சமநிலைத் தொட்டி சிறிதாக இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் குளோரின் தொட்டிவரை தொடரும். ஹைப்போகுளோரைட் செலுத்தும் பம்போ நாள் முழுவதும் ஒரே வேகத்தில் ஓடுகிறது. காலையில் இரண்டாம் நிலையமாக இருந்தது நள்ளிரவில் முதல் நிலையமாகிறது. மாதத்திற்கு ஒருமுறை எடுக்கப்படும் ஒரு குப்பி நீர் இவ்வேறுபாட்டைக் காட்டாது.

உலோகப் பூச்சு, மின்சுற்றுப் பலகை ஆகிய தொழில்கள் இன்னொரு கூறைச் சேர்க்கின்றன. கழிவுநீரிலிருந்து செம்பு, நிக்கல் போன்ற உலோகங்களை வீழ்படிவாக்க டைமெத்தில் டைதயோகார்பமேட் பயன்படுத்தப்படுவதுண்டு. கலிபோர்னியாவில் மின்சுற்றுப் பலகை ஆலைகளிலிருந்து நகரச் சாக்கடைக்கு வந்த இப்பொருள் நைட்ரோசோ டைமெத்தில் அமீனுக்கு மூலமாக அடையாளம் காணப்பட்டது. கசடைத் திரட்டப் பயன்படும் சில நேர்மின் பாலிமர்களும், துணி மென்மையாக்கிகளிலும் கிருமிநாசினிகளிலும் உள்ள சில நான்கிணைய அம்மோனியச் சேர்மங்களும் இவ்வகையில் சேரும். மின்னணுவியலும் உலோக வேலையும் பெருகிவரும் ஓசூர்ப் பகுதியில், உலோகக் கழிவுநீரையும் மனிதக் கழிவுநீரையும் தனித்தனியே வைத்திருப்பது இக்காரணத்தாலும் இன்றியமையாதது.

தீங்கின் அளவும் போக்கும்

பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, நைட்ரோசோ டைமெத்தில் அமீனை மனிதர்க்குப் பெரும்பாலும் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்னும் 2ஏ பிரிவிலும், குளோரோஃபார்ம், புரோமோடைகுளோரோமீத்தேன், டைகுளோரோ அசெட்டிக் அமிலம் ஆகியவற்றை விளைவிக்க வாய்ப்புள்ளவை என்னும் 2பி பிரிவிலும் வைத்துள்ளது. குளோரினேற்றிய குடிநீரை நெடுங்காலம் பயன்படுத்துவதற்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் இடையே தொடர்பிருப்பதை நோய்ப்பரவல் ஆய்வுகள் பல சுட்டியுள்ளன. நைட்ரோசோ டைமெத்தில் அமீனுக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 100 நானோகிராம். கலிபோர்னியாவின் அறிவிப்பு அளவு 10 நானோகிராம். மற்றத் துணை விளைபொருள்களின் வரம்புகள் மைக்ரோகிராமில் அளக்கப்பட, இது அதன் ஆயிரத்தில் ஒரு பங்கான அலகில் அளக்கப்படுவது கருதத்தக்கது.

ஆற்றை அடைந்தபின் ஒவ்வொரு பொருளும் தன் வழியில் செல்கிறது. குளோரோஃபார்ம் எளிதில் ஆவியாவதால் நீர் புரண்டோடும் இடங்களில் காற்றிற்குச் செல்கிறது. ஹாலோஅசெட்டிக் அமிலங்கள் ஆவியாவதில்லை. ஆனால் அவற்றுட் பலவற்றை நுண்ணுயிரிகள் சிதைக்கின்றன. நைட்ரோசோ டைமெத்தில் அமீன் நீருடன் முற்றிலும் கலப்பது. தெளிந்த, ஆழமற்ற நீரில் வெயில் அதனைச் சில மணி நேரத்தில் சிதைக்கும். ஒளி புகாத கலங்கல் நீரிலும் நிலத்தடியிலும் அது நெடுநாள் நிலைக்கும்.

இவ்வேறுபாடு இப்பகுதிக்கு நேரடியாகப் பொருந்துகிறது. பெங்களூருவின் கோரமங்களா – சல்லகட்டா பள்ளத்தாக்கில் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்புப் பெற்ற நீர், கிருஷ்ணகிரி மாவட்டத்தை ஒட்டிய கோலார் மாவட்டத்தின் ஏரிகளுக்கு 2018 முதல் கொண்டுசெல்லப்படுகிறது. நிலத்தடி நீரைப் பெருக்குவதே அத்திட்டத்தின் நோக்கம். இத்தகைய திட்டங்களில், ஏரியின் வெயில் பட்டு மெல்ல ஊறும் நீரும், குளோரின் சேர்த்தவுடன் நேரடியாக நிலத்தடிக்குச் செலுத்தப்படும் நீரும் ஒன்றல்ல. கலிபோர்னியாவின் ஆரஞ்சு மாவட்டத்தில், கடல்நீர் உட்புகாதிருக்கச் சுத்திகரித்த கழிவுநீரை நிலத்தடிக்குச் செலுத்தியபோது 2000-ஆம் ஆண்டில் இப்பொருள் கண்டறியப்பட்டது. எதிர்ச் சவ்வூடுபரவல் சவ்வு இம்மூலக்கூறை முழுவதும் தடுப்பதில்லை. எனவே 2008-இல் தொடங்கிய அதன் புதிய நிலையத்தில், சவ்வைத் தாண்டிய நீர் புற ஊதாக் கதிரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கொண்டு மீண்டும் சுத்திகரிக்கப்படுகிறது. சென்னையில் கோயம்பேடு, கொடுங்கையூர் ஆகிய இடங்களில் கழிவுநீரைச் சவ்வு முறையில் தூய்மைப்படுத்தி ஆலைகளுக்கு வழங்கும் நிலையங்கள் நிறுவப்பட்டுள்ளன. ஆலைப் பயன்பாட்டிற்கு இக்குறை பெரிதன்று. அந்நீரைக் குடிநீர் ஆதாரத்துடன் இணைக்க நினைக்கும் நாளில் அது முதற்கேள்வியாகும்.

துணை விளைபொருளாக மாறாது எஞ்சும் குளோரினும் தீங்கானதே. நன்னீர் உயிரினங்களைக் காக்க அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுத்த நீண்டகால அளவு லிட்டருக்கு 0.011 மில்லிகிராம். இந்தியாவின் 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின்படி உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் 1.0 மில்லிகிராம் வரை மொத்த எச்சக் குளோரின் இருக்கலாம். முன்னது ஆற்றுநீருக்கும் பின்னது வெளியேற்று குழாய்க்கும் உரியவை. ஆற்றில் நீர் மிகுந்தோடும் காலத்தில் கலப்பினால் இவ்விடைவெளி ஈடாகலாம். கோடையில் ஓடையில் ஓடுவதே சுத்திகரிப்பு நிலையத்து நீர்தான் என்னும் நிலையில், ஏறக்குறைய 90 மடங்கு இடைவெளியை ஈடுசெய்யக் கலப்பு நீர் இல்லை.

தர வரம்புகளின் இடைவெளி

இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 (2012) குளோரோஃபார்முக்கு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம், புரோமோஃபார்முக்கும் டைபுரோமோகுளோரோமீத்தேனுக்கும் தலா 0.1, புரோமோடைகுளோரோமீத்தேனுக்கு 0.06 என வரம்பு வகுத்துள்ளது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கையில் கார அமிலக் குறியீடு, உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, மிதக்கும் திண்மங்கள், மலக் கோலிஃபார்ம் ஆகிய நான்கு மட்டுமே இடம்பெற்றன. 2015-ஆம் ஆண்டு வரைவில் இருந்த அம்மோனியா, மொத்த நைட்ரஜன் வரம்புகள் இறுதி அறிவிக்கையில் இல்லை.

இதன் விளைவு எண்ணத்தக்கது. மலக் கோலிஃபார்ம் 100 மில்லிலிட்டருக்கு 1000-க்குக் குறைய வேண்டும் என்பது கட்டாயம்; குளோரின் எத்தகைய வேதியியலை நடத்தும் என்பதைத் தீர்மானிக்கும் அம்மோனியாவைக் குறைப்பது கட்டாயமன்று. நைட்ரேட்டாக்கத்திற்கு மின்சாரம் வேண்டும், ஹைப்போகுளோரைட் மலிவு. ஆகவே குறையைக் குளோரினால் மூடும் பழக்கம் இயக்குபவரின் அலட்சியத்தால் மட்டும் வருவதன்று. விதியின் அமைப்பே அவரை அத்திசையில் தள்ளுகிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 ஏப்ரலில் கோலிஃபார்ம் வரம்பை 230 ஆக இறுக்கியபோது மொத்த நைட்ரஜனுக்கு 10 மில்லிகிராம் என்னும் வரம்பையும் உடன்வைத்தது. இவ்விரண்டையும் பிரிக்காமல் ஒருங்கே நடைமுறைப்படுத்துவதே வேதியியலுக்கு இசைந்தது. கோலிஃபார்ம் வரம்பை மட்டும் இறுக்கினால் குளோரின் செலவே கூடும்.

செய்யத்தக்க திருத்தங்கள்

துணை விளைபொருள்களை அஞ்சிக் கிருமிநீக்கத்தைக் கைவிடுவது தவறாகும். கிருமிநீக்கம் பெறாத கழிவுநீரால் வரும் வயிற்றுப்போக்கும் குடற்புழுவும் உடனடித் தீங்குகள். துணை விளைபொருள்களின் தீங்கு நெடுங்காலத்தது. துணை விளைபொருள் கட்டுப்பாட்டிற்காகக் கிருமிநீக்கத்தின் திறனைக் குறைக்கலாகாது என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இரண்டையும் ஒருங்கே காக்கும் வழிகளைப் பின்வரும் வரிசையில் மேற்கொள்ளலாம்.

1. உயிரியல் கட்டத்தை நிறைவு செய்தல்: காற்றூட்டத் தொட்டியில் ஆக்சிஜன், காரத்தன்மை, கசடின் வயது ஆகிய மூன்றும் போதுமானவையா எனக் காணவேண்டும். காரத்தன்மை குறைந்தால் சோடியம் பைகார்பனேட்டோ சுண்ணாம்போ சேர்க்கலாம். நைட்ரைட் தேங்கினால் குளோரினைக் கூட்டாமல் காற்றூட்டத்தைச் சரிசெய்ய வேண்டும்.

2. வடிகட்டிய பின் குளோரின்: சில நிலையங்களில் மணல் வடிகட்டிக்கும் கரி வடிகட்டிக்கும் முன்பே ஹைப்போகுளோரைட் செலுத்தப்படுகிறது. அப்போது நீக்கப்படவேண்டிய கரிமப் பொருள் முழுவதும் குளோரினைச் சந்திக்கிறது; எஞ்சிய குளோரினைக் கரி அழித்துவிடுகிறது. வரிசையை மாற்றினால் குளோரின் தேவையும் துணை விளைபொருள்களும் குறையும்.

3. அளந்து சேர்த்தல்: தனிக் குளோரினையும் மொத்தக் குளோரினையும் பிரித்துக் காட்டும் எளிய நிறச் சோதனையும், அம்மோனியா, நைட்ரைட் சோதனைகளும் ஒவ்வொரு ஷிப்டிலும் செய்யத்தக்கவை. தடுப்புச் சுவர்களுடன் கூடிய தொட்டியில் 30 நிமிடத் தொடர்பு நேரம் கிடைத்தால் குறைந்த குளோரினே போதுமானதாகும்.

4. புதிய ஹைப்போகுளோரைட்: வெயிலில் வைத்த கரைசல் வலுவிழப்பதுடன் குளோரேட்டாகவும் மாறுகிறது. நிழலில், சிறிய அளவில், குறுகிய காலத்திற்கு மட்டும் இருப்பு வைக்க வேண்டும்.

5. எச்சக் குளோரினை நீக்குதல்: ஆற்றிலோ ஏரியிலோ விடுவதற்கு முன் சோடியம் பைசல்பைட் சேர்க்கலாம். ஒரு மில்லிகிராம் குளோரினுக்கு ஏறக்குறைய 1.5 மில்லிகிராம் தேவை. இது மீன்களைக் காக்கும்; ஏற்கெனவே உண்டான ட்ரைஹாலோமீத்தேன்களையும் நைட்ரோசமின்களையும் நீக்காது. ஆகவே இதனை முந்தைய படிகளுக்கு மாற்றாகக் கொள்ளலாகாது.

6. புற ஊதாக் கதிர்: நீர் தெளிவாக உள்ள நிலையங்களில் முதன்மைக் கிருமிநீக்கத்திற்கு இது ஏற்றது. குழாய்களில் கிருமி மீண்டும் வளராதிருக்கச் சிறிதளவு குளோரின் பின்னர் போதும். ஓசோன் எல்லா இடத்திற்கும் பொருந்தாது. புரோமைடு மிகுந்த நீரில் அது புரோமேட்டை உண்டாக்கும்.

கண்காணிப்பில் எல்லைக்கோடு ஒரு தடையாகலாகாது. நீர் கர்நாடகத்திலிருந்து வருகிறது. சுத்திகரிப்பு நிலையங்கள் இருபுறமும் உள்ளன. கொடியாளம் நுழைவிடம், கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை ஆகிய மூன்று இடங்களில் இரு மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியங்களும் ஒரே நாளில் அம்மோனியா, நைட்ரைட், எச்சக் குளோரின், கோலிஃபார்ம் ஆகிய நான்கையும் அளந்தால், மாசு எப்பகுதியில் எவ்வடிவில் சேர்கிறது என்பது புலப்படும். செலவு மிகுந்த ட்ரைஹாலோமீத்தேன், நைட்ரோசமின் ஆய்வுகளைக் கோடையில் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் செய்தாலே ஒப்பிடத்தக்க அடிப்படைத் தரவு கிடைக்கும். ஆலைகளுக்கு இசைவாணை வழங்கும்போது, பயன்படுத்தும் உலோக வீழ்படிவிகள், பாலிமர்கள் ஆகியவற்றின் வேதிப் பெயர்களைக் கேட்டுப் பதிவு செய்வதும் பயன்தரும்.

முடிவுரை

கழிவுநீரில் சேர்க்கப்படும் குளோரின், தனக்கு முன் நிகழ்ந்ததற்கேற்பவே வினைபுரிகிறது. நைட்ரேட்டாக்கம் நிறைவுற்று, வடிகட்டப்பட்ட நீரில் குறைந்த குளோரினே விரைந்து கிருமிகளை அழிக்கிறது. துணை விளைபொருள்களை எல்லைக்குள் வைக்கவும் இயல்கிறது. அரைகுறையாகச் சுத்திகரிக்கப்பட்ட நீரில் அதே குளோரின் கிருமிகளையும் விட்டுவைக்கிறது. புதிய நஞ்சையும் சேர்க்கிறது. எனவே இச்சிக்கலுக்குத் தீர்வைக் குளோரின் தொட்டியிலன்றி, அதற்கு முந்தைய காற்றூட்டத் தொட்டியில் தேடவேண்டும்.

ஓசூர் – கிருஷ்ணகிரி பகுதியில் தொழில் வளர வளரச் சுத்திகரித்த கழிவுநீரே உறுதியான நீர்வளமாக மாறிவருகிறது. தென்பெண்ணையின் அணைநீரை நம்பிக் காய்கறியும் மலரும் பயிரிடும் உழவர்க்கும், ஆற்றங்கரைக் கிணறுகளை நம்பும் கீழ்ப்பகுதி ஊர்களுக்கும் அந்நீரின் தரம் வாழ்வாதாரக் கேள்வி. கோலிஃபார்ம் எண்ணிக்கையுடன் அம்மோனியா, நைட்ரைட், எச்சக் குளோரின் ஆகிய மூன்று எளிய அளவீடுகளையும் நிலையத்தின் அன்றாடப் பதிவேட்டில் சேர்ப்பது, பெருஞ்செலவின்றி இன்றே தொடங்கத்தக்க முதற்படியாகும்.